எண்ணித் திருத்துவதா, அளந்து திருத்துவதா?

ஓசூர் சிப்காட் பக்கம் இரண்டு சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்துப் பட்டறை நடத்துகிறேன். மாதக்கணக்காக ஓடுவது ஒரே வகைப் பின், அதாவது உருளை வடிவ உலோகத் துண்டு. விட்டம் 19.980-லிருந்து 20.000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இன்செர்ட் (கழற்றி மாட்டும் வெட்டும் துண்டு) முனை தேயத் தேய விட்டம் ஏறும். அதற்கு ஈடாக மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டை எப்போது குறைப்பது? மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொரு பின்னையும் அளந்து, வந்த வித்தியாசத்தை உடனே திருத்துவது வீண் வேலை. மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் கையிலேயே 2 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) ஆட்டம் உண்டு. அதைத் துரத்தினால் அளவு இன்னும் சிதறும். நிலையாக ஓடும் வேலையில் இப்படிக் கை வைத்தால் பரவல் சுமார் 1.4 மடங்காகும் என்பதை தர மேலாண்மை நிபுணர் டெமிங்கின் புனல் சோதனை காட்டுகிறது.

அடுத்தது எண்ணிக்கைக் கணக்கு: 60 பின்னுக்கு ஒருமுறை 5 மைக்ரான் குறை. இரவு ஷிஃப்ட் தம்பிகளுக்கு இதுதான் பிடிக்கும், யோசிக்கவே வேண்டாம். பின் கடையும் கம்பி ஒரே லாட்டாக (ஒரே தொகுப்பாக) வந்தவரை எனக்கும் குறையில்லை. ஒருநாள் நடுவில் முனை உடைந்தது. ஆபரேட்டர் புது இன்செர்ட் போட்டு 19.985-க்குச் சரியாக செட் செய்தார். கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது 60-ஐத் தொட, வழக்கம்போல 5 மைக்ரான் குறைத்துவிட்டார். 17 பின் 19.980-க்குக் கீழே போய்விட்டது.

நான் முடிவெடுத்தது இங்கேதான். விட்டம் கூடினால் மறுபடி கடைந்துகொள்ளலாம். குறைந்தால் பழைய இரும்புக்காரருக்குத்தான். அதனால் கீழ்நோக்கித் தள்ளும் ஒவ்வொரு திருத்தமும் ஆபத்தானது. அளந்து பார்த்த காரணம் இல்லாமல் ஆஃப்செட்டைத் தொடக் கூடாது.

இப்போது பத்துக்கு ஒரு பின்னை அளந்து தாளில் புள்ளி வைக்கிறோம். 19.994-ஐத் தாண்டினால் அடுத்த பின்னையும் அளப்போம். அதுவும் தாண்டியிருந்தால் மட்டும் 19.985-க்கு இறக்குவோம். நல்ல கம்பியில் நூறு பின் வரை கை வைக்க வேண்டியிராது; கடினமான லாட்டில் ஐம்பதிலேயே வேலை வந்துவிடும். தேய்மான வேகத்தை முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை. திருத்தங்களுக்கிடையே இடைவெளி திடீரென்று சுருங்கினால் இன்செர்ட்டை மாற்றும் நேரம் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். மார்கழிக் காலையில் மட்டும் முதல் அரைமணி நேரப் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. மெஷின் சூடேறும் வரை அளவு அலையும்.

அளக்கச் செலவாகும் நேரம் இதன் குறைதான், மறுக்கவில்லை. போரிங்கில் (துளையை உள்ளே கடைந்து அளவாக்கும் வேலையில்) நான் செய்தது இரண்டே சின்ன ஆர்டர். அங்கே தேய்ந்தால் துளை சுருங்கும், பெரிதானால்தான் ஸ்கிராப். எல்லைக் கோட்டைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. பெரிய ஆர்டரில் எப்படி என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.