விபத்துக்குப் பிறகு: வீடா மறுவாழ்வு மையமா, கடனா நன்கொடையா?

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குடும்பத்துக்கு மூச்சே வருகிறது. ஆனால் பெரிய முடிவுகள் எல்லாம் அதற்கப்புறம்தான் வரிசை கட்டுகின்றன. டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டில் வைத்துப் பார்ப்பதா, பயிற்சி கொடுத்துத் தேற்றும் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, யார் கூட இருப்பது, செலவுக்கு எந்தப் பணத்தைத் தொடுவது, இழப்பீட்டை எப்போது முடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் போட்டி போடும். உடம்பு தேறுவதற்கு என்று ஒரு காலக்கணக்கு உண்டு. பணம் வந்து சேர்வதற்கு வேறொரு காலக்கணக்கு. இந்த இரண்டையும் எந்த வழி ஓரளவாவது ஒத்துப்போக வைக்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

வீடா, மையமா?

இதற்கான பதில் எங்கே அடிபட்டது என்பதில் இருக்கிறது. கை கால் எலும்பு முறிவு மட்டும்தான், எலும்பைப் பிடித்து நிறுத்த உலோக பிளேட்டோ ராடோ வைத்தாகிவிட்டது என்றால் வீடே மேல். தொடை எலும்பு ஒன்று சேர மூன்று, நான்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அந்த நாட்களில் நடக்க வேண்டியது பயிற்சியும், வாக்கர் பிடித்து நடப்பதும், காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று டாக்டர் சொல்வதைக் கேட்டு நடப்பதும்தான். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாலே போதும். நல்ல தூக்கமும் பழகிய முகங்களும் வீட்டில்தான் கிடைக்கும். அழைத்து வருவதற்கு முன்பே கதவுக்குள் வீல்சேர் நுழையுமா, கழிப்பறையில் பிடித்து எழ ஏதாவது இருக்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும் என்று பார்த்துவிட வேண்டும்.

தலையிலோ தண்டுவடத்திலோ அடி என்றால் கதையே வேறு. 1940-கள் வரை தண்டுவடம் பாதித்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பராமரிக்க ஏற்பாடு செய்தார், உட்கார வைத்தார், விளையாட வைத்தார். 1948-இல் அவர் அங்கே நடத்திய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. அந்த நோயாளிகளைப் பிழைக்க வைத்ததில் பெரும்பங்கு அந்த ஒழுங்கான கவனிப்புக்கு உண்டு. தோலைத் தினமும் பார்ப்பது, குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது, படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள். ஆசையும் பாசமும் மட்டும் இருந்தால் அவை வந்துவிடாது.

தலைக்காயத்திலும் அப்படித்தான். விழுங்குவது, பேசுவது, நினைவு வைத்துக்கொள்வது, கோபத்தை அடக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி தேவைப்படலாம். முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் வேகமாக இருக்கும். அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் நடக்கும், ஆனால் மெதுவாக. அதனால் மையத்துக்குச் செலவழிக்க முடிகிற பணம் கொஞ்சம்தான் என்றால் அதை ஆரம்பத்திலேயே செலவழிப்பதுதான் சரி. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைக்கிற பணம், பலன் குறைந்த காலத்தில்தான் செலவாகும்.

ஆனால் மையம் என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் யார் தருகிறார்கள், என்ன இலக்கு என்று எழுத்தில் தருவார்களா, குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவார்களா என்று கேளுங்கள். அரை மணி நேர பிசியோதெரபியும் மிச்ச நேரம் படுக்கையும்தான் என்றால், வீட்டில் கிடைப்பதையே பெரிய பில்லோடு வாங்குகிறீர்கள். தலை, தண்டுவடக் காயங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சேரும்போதே வெளியேறும் தேதியை உத்தேசமாகப் பேசிக்கொண்டு, குறுகிய காலம் மையத்தில் தீவிரப் பயிற்சி, அப்புறம் வீடு. கடைசி வாரம் வீட்டார் கையாலேயே எல்லாம் செய்து பழக வேண்டும்.

யார் கூட இருப்பது?

வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஒருவர் இருந்து பார்ப்பது சிக்கனம் போலத் தோன்றும். உதவியாளர் சம்பளத்தையும் வேலையை விடுபவரின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். அதில் விட்டுப்போவது நிறைய. வேலையோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்பீடு போகலாம், சம்பள உயர்வு போகும், இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வேலை கிடைக்காமலும் போகலாம். இந்தப் பாரம் பெரும்பாலும் மனைவி, அம்மா, மகள் என்று பெண்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் குடும்பம் வாய்விட்டுப் பேச வேண்டும். முதலில் விடுப்பு, பாதி நேர வேலை என்று கேட்டுப் பாருங்கள். ராஜினாமா கடைசியில்.

சம்பளத்துக்கு வருபவர் தூக்குவார், குளிப்பாட்டுவார், ராத்திரியில் திருப்பிப் படுக்க வைப்பார். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நேற்றைவிட இன்று அதிகமாகத் தூங்குகிறார், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது என்பதெல்லாம் பழகிய கண்ணுக்குத்தான் சட்டென்று படும். காலில் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ ரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழு நாளுக்கும் ஆள் வைக்க முடியாவிட்டால் ராத்திரிக்கு மட்டும் வையுங்கள் என்பேன். பார்த்துக்கொள்பவர் தூங்காத வீட்டில் மற்ற எதுவும் ஓடாது. உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகளை யார் செய்தால் கூச்சமில்லை என்று அடிபட்டவரிடமே கேட்க வேண்டும். சிலருக்குப் பிள்ளைகளைவிட வெளியாளே பரவாயில்லை என்றிருக்கும்.

பணம்

எதைத் தொடும் முன்பும் விவரமான பில் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள், தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். பிறகு அவசரத்துக்கு வைத்திருந்த சேமிப்பு. அதிக வட்டிக் கடனும் கிரெடிட் கார்டும் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் வருமானம் குறைந்திருக்கும் வேளையில்தான் அதன் தவணை வந்து நிற்கும்.

உறவினரிடம் வாங்குவதில் வட்டி இல்லை, மனத்தாங்கல் வரலாம். கடனா உதவியா என்று அன்றைக்கே எழுதி வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள், மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரே தடவை பெரிய தொகை கேட்பதைவிட, பிசியோதெரபி கட்டணம் உன்னுடையது, மருந்துச் செலவு உன்னுடையது என்று ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கேட்பதையே நான் விரும்புகிறேன்.

இணையத்தில் நிதி திரட்டினால் வேகமாக வரும், தளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள். என் தயக்கம் புகைப்படத்தில். ஐசியூவில் கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. அவர் நாளை வேலை தேடும்போதும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். முகம் தெரியாமல், மருத்துவமனைக் கடிதத்தை வைத்துக் கேட்கலாம். வரவு செலவை ஒருவர் பொறுப்பேற்று வெளியிட வேண்டும்.

இழப்பீட்டில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. எதிர்த்தரப்போ காப்பீட்டு நிறுவனமோ சீக்கிரமே ஒரு தொகை தருகிறோம் என்று வந்தால் கை நீளத்தான் செய்யும். ஆனால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு, பிளேட்டை எடுக்கும் ஆபரேஷனோ மூட்டுத் தேய்மானமோ தலைக்காயத்துக்குப் பல மாதம் கழித்து வரும் வலிப்போ, எல்லாச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில். இனி பெரிய மாற்றம் இருக்காது என்று டாக்டர் சொல்லும் நிலை வரைக்கும் காத்திருந்தால் உண்மையான கணக்கு கையில் இருக்கும். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது, மனு கொடுக்கக் காலக்கெடு இருக்கும். மனுவைச் சீக்கிரம் போடுங்கள், முடிப்பதை நிதானமாக முடியுங்கள். நடுவில் சமாளிக்க இடைக்காலத் தொகை கிடைக்குமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பில், போக்குவரத்துச் செலவு, சம்பளச் சீட்டு, ஸ்கேன் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வலி, தூக்கம், என்ன செய்ய முடிந்தது என்று தினம் நாலு வரி எழுதினால் அது டாக்டருக்கும் உதவும், வழக்குக்கும் உதவும்.

சொல்வதா, மறைப்பதா?

எவ்வளவு செலவானது என்பதை அடிபட்டவரிடம் மறைக்கும் குடும்பங்கள் அதிகம். முதல் சில வாரங்களுக்கு அது நியாயம். தெளிவாகக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகும் மறைத்தால், அவர் உண்மையைவிடப் பெரிய தொகையைக் கற்பனை செய்துகொண்டு பிசியோதெரபியே வேண்டாம் என்பார். கணக்கு நோட்டைக் காட்டிவிடுங்கள், அடுத்த மாதச் செலவை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். தலைக்காயம் பட்டவராக இருந்தால், பணம் சம்பந்தமாக அவர் கையெழுத்துப் போடும் முன் முடிவெடுக்கும் தெளிவு வந்துவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டு, அதை எழுத்தில் வாங்கி அதே ஃபைலில் வையுங்கள்.