ஐரோப்பா காடழிப்பு சட்டத்துக்கு தோட்டம் அளந்து தர்ற சர்வீஸ், என் அனுபவம்

ஏற்காட்டுல சின்ன தோட்டக்காரங்ககிட்ட காப்பிக்கொட்டை வாங்கி எக்ஸ்போர்ட்டருக்கு கொடுக்கறோம், ஐரோப்பா போற சரக்குன்னா 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல விளையலைன்னு காட்டணும், அதான் சேலத்துல ஒரு சர்வீஸைப் பிடிச்சோம்.

வந்த பையன் அட்டைக்கடிக்கு நடுவுல வேலி ஓரமாவே நடந்து அளந்தான். 4 ஹெக்டேருக்கு மேலன்னா எல்லை முழுக்க வரையணும், அதுக்குக் கீழன்னா மேப்ல ஒரே ஒரு புள்ளி போதும்னு பொறுமையா சொன்னான், தேவையில்லாம காசு பிடுங்கல.

ஒரு தோட்டம் மட்டும் மேப்ல சிவப்பா, அதாவது காடு அழிச்ச இடம்னு வந்துடுச்சு, எனக்கு வயிறே கலங்கிருச்சு. பார்த்தா சில்வர் ஓக் வெட்டின இடம், நிழல்மரத்தை சாட்டிலைட் காடுன்னு எடுத்துக்கிட்டிருக்கு. திரும்ப மலையேறி வந்து, அடிமரத்தையும் பக்கத்துல நிக்கிற பழைய காப்பிச்செடியையும் போட்டோ எடுத்து, பட்டா நகலோட சேர்த்து சரி பண்ணிக் கொடுத்தாங்க, அதுக்கு தனியா காசும் கேக்கல.

குறைன்னா ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், கையெழுத்து போடற பெரியவருக்கு நான்தான் வரிவரியா படிச்சுக் காட்டினேன், தமிழ்ல ஒரு பக்கமாவது கொடுங்கப்பா. மீதி தோட்டத்தையும் இவங்ககிட்டயே கொடுத்திருக்கேன்.