பனியாற்றை நாமே அளக்க: கோப்பர்நிக்கஸ் பிரௌசர்

பனியாறுகள் பின்வாங்குவதைச் செய்தியாகப் படிப்பதோடு நில்லாமல் தாமே பார்த்து அளக்க விரும்புவோருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்னும் இணையச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். செயற்கைக்கோள் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தரவிறக்கத்துக்கு இலவசக் கணக்கு தொடங்கினால் போதும்.

நான் முதலில் தேடியது, இமயமலையின் கங்கோத்ரிப் பனியாறு முடிந்து பாகீரதி ஆறு புறப்படும் கோமுகத்தை. மே மாதப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சரிவுகளில் எஞ்சியிருந்த குளிர்காலப் பனியையும் பனியாற்றின் பகுதியென எண்ணி அளந்துவிட்டேன். பருவமழை மேகங்கள் விலகி, புதுப்பனி விழுவதற்கு முன்னுள்ள செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமுமே இதற்கு உகந்த காலம். மேகமும் பனியும் ஒரே வெண்மையாகத் தெரியும்போது குறுஅலை அகச்சிவப்புப் பட்டைக்கு (கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பதிவான படத்துக்கு) மாற்றினால், பனி இருண்டும் மேகம் வெளுத்தும் பிரிந்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே இச்சேவையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் கங்கோத்ரிப் பனியாற்றின் கீழ்ப்பகுதியைப் பாறைச் சிதைவுகள் மூடியிருப்பதால், அங்கே நிறத்தை நம்ப முடியாது. ஆறு வெளிப்படும் இடத்தைக் கொண்டே முகப்பை, அதாவது பனியாறு முடியும் விளிம்பை, முடிவு செய்ய வேண்டும்.

இத்தளத்தில் உள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். முகப்பு ஆண்டுக்கு 20 மீட்டர் பின்வாங்கினாலும் அது இரண்டு புள்ளிகள்தாம் என்பதால், அடுத்தடுத்த ஆண்டுகளை ஒப்பிட்டு முடிவுக்கு வருவது தவறு. இப்படங்கள் 2015 முதல் கிடைப்பதால், எட்டு ஆண்டு இடைவெளியாவது விட்டுப் பார்க்கலாம்.

அண்டார்க்டிகாவில் நிலைமை வேறு. பைன் ஐலண்டு பனியாறு நாளொன்றுக்கு 10 மீட்டருக்கு மேல் கடலை நோக்கி நகர்வதால், சில வார இடைவெளியிலேயே விரிசல்கள் இடம்பெயர்வது தெரிகிறது. துருவ இரவிலும் மேகத்தினூடும் பார்க்கவல்ல சென்டினல்-1 ராடார் படங்கள் இதே தளத்தில் உள்ளன. 2020 பிப்ரவரியில் அங்கு சுமார் 300 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து பிரிந்ததற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது நெடுநேரம் திரையை விட்டு எழ மனம் வரவில்லை.

இப்படங்கள் பரப்பையும் வேகத்தையும் காட்டுமே தவிர, பனி எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டா. அதற்கு ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் உயர அளவீடுகளையும் கிரேஸ்-எஃப்ஓ இணைக்கோள்களின் ஈர்ப்பு அளவீடுகளையும் தனியே நாட வேண்டும். மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், மாற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியும் பைன் ஐலண்டில் தொடங்கி, பிறகு கோமுகத்துக்கு வருவது நல்லது.