போர்டெய்னரா, டாக்ஜா: வீட்டு சர்வருக்கு ஓர் ஒப்பீடு

வீட்டு சர்வரில் டாக்கர் கன்டெய்னர்களை (தேவையானவற்றோடு பொதியாகக் கட்டித் தனித்தனியே இயக்கும் செயலிகளை) பிரவுசர் வழியாகவே நிர்வகிக்க விரும்புவோர் முதலில் எடைபோடும் கருவிகளில் போர்டெய்னரும் டாக்ஜும் அடங்கும்.

போர்டெய்னர் டாக்கரோடு நில்லாமல், பல சர்வர்களில் கன்டெய்னர்களை இயக்க உதவும் ஸ்வார்ம், குபர்நெட்டிஸ் ஆகியவற்றையும் கையாள்கிறது. இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் மூல அச்சு), வால்யூம் (தரவுச் சேமிப்பிடம்), நெட்வொர்க் எல்லாவற்றையும் தனித்தனியே காட்டுகிறது. இலவசப் பதிப்போடு கட்டணப் பதிப்பும் உண்டு.

தளங்கள் இயங்குகின்றனவா எனக் கண்காணிக்கும் அப்டைம் கூமாவை உருவாக்கிய லூயிஸ் லாம் 2023இல் வெளியிட்ட டாக்ஜ், கம்போஸ் கோப்புகளை (கன்டெய்னர்களை எப்படி இயக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்புகளை) மட்டுமே மையமாகக் கொண்டது. தனியொரு கன்டெய்னரை நிர்வகிப்பது அதன் நோக்கமன்று. ஆயினும், போர்டெய்னரின் எடிட்டரில் எழுதிய கம்போஸ் கோப்பு அதன் சொந்தத் தரவு வால்யூமுக்குள் எண்ணிட்ட கோப்புறையில் போய்ச் சேரும்போது, டாக்ஜோ அதே கோப்பை நாம் குறிப்பிட்ட சாதாரணக் கோப்புறையிலேயே வைப்பதால், நாளை டாக்ஜையே நீக்கிவிட்டாலும் டெர்மினலிலிருந்து எல்லாவற்றையும் முன்போலவே இயக்கலாம், பேக்கப் எடுப்பதும் எளிது. நீளமான டாக்கர் ரன் கட்டளையைக் கம்போஸாக மாற்றித் தரும் வசதியும் புதியவர்களுக்குப் பேருதவி. ஒரே சர்வர் வைத்திருப்பவருக்கு நான் டாக்ஜையே பரிந்துரைப்பேன். பலர் பகிரும் பல சர்வர்களுக்குப் போர்டெய்னரே ஏற்றது.

இரண்டுக்கும் டாக்கர் சாக்கெட்டை, அதாவது டாக்கருக்குக் கட்டளையிடும் வழியை, திறந்துவிடுகிறோம். அது ஏறக்குறைய சர்வரின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்துக்குச் சமம் என்பதால், எதைத் தேர்ந்தாலும் அதன் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறக்காமல் விபிஎன் வழியே மட்டும் அணுக வேண்டும்.