ஃபிளாக்கிலிருந்து அலாக், அலாக்கிலிருந்து ஃபிளாக்: பன்னிரண்டு ஆண்டு அனுபவமும் ஒரு மனத்தாங்கலும்

கொல்லங்கோட்டு நண்பர் ஒருவர் ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறார். சிடிகளிலிருந்து எடுத்து, ஆப்பிளின் இழப்பில்லா ஒலிச் சுருக்க வடிவமான அலாக்கில் (ALAC) சேர்த்து வைத்திருக்கும் அறுநூற்றுச் சொச்சம் கோப்புகளையும், அதேபோல இழப்பில்லாமல் சுருக்கும் பொது வடிவமான ஃபிளாக்காக (FLAC) மாற்றிவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். "மாத்துனா சத்தம் கொறஞ்சிருமாண்ணா?" என்பது ஒன்றே அவருடைய கவலை. குறையாது என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். அந்தப் பதில் உண்மைதான் என்றாலும் போதுமானதல்ல என்பது மறுநாள் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் 1980களில் அப்பா பதிவு செய்த நாதஸ்வரக் கேசட்டுகள் 42 எங்கள் வீட்டில் உண்டு. 2013இல் அவற்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் கணினியில் ஏற்றி ஃபிளாக்காகச் சேமித்தேன். 2016இல் ஐபோன் வாங்கியபோது, ஆப்பிளின் இசைச் செயலி ஃபிளாக்கை ஏற்காது என்பதால், எல்லாவற்றையும் அலாக்காக மாற்றினேன். ஹார்ட் டிஸ்கில் இடமில்லாததால் பழையவற்றை அழித்துவிட்டேன். அழித்தது என் பிழை. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. 2021இல் மீண்டும் ஃபிளாக்குக்கே திரும்பினேன்.

ஒலியைப் பொறுத்தவரை இந்தப் போக்குவரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வடிவங்களும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை: ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களான 'மாதிரிகளில்' முன்னே வந்தவற்றைக் கொண்டு அடுத்தது எதுவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிக்கனமாக எழுதி வைக்கின்றன. விரிக்கும்போது அதே எண்கள் அப்படியே திரும்பி வருகின்றன. ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை உள்ள சுருக்க நிலைகளில் எதைத் தேர்ந்தாலும் ஒலி ஒன்றே. மாறுவது சுருக்கப் பிடிக்கும் நேரமும் கோப்பின் அளவில் சிறிதளவும்தான். என் கோப்புகள் எந்த நிலையிலும் பெரிதாகச் சுருங்கவில்லை என்பதற்கு ஃபிளாக் பொறுப்பல்ல. நாற்பது ஆண்டுப் பழைய கேசட்டின் இரைச்சலை எந்தக் கணக்காலும் ஊகிக்க முடியாது.

எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. வழக்கமாக ஒவ்வொரு ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியிலும், சுருக்குவதற்கு முன்பிருந்த மூல ஒலியின் எம்.டி.5 கைரேகை, அதாவது அந்த ஒலியிலிருந்து கணக்கிட்ட அடையாள எண், எழுதப்பட்டிருக்கும்; அலாக்கில் இப்படியொரு ஏற்பாடு இல்லை. மூன்றாம் கேசட்டின் 2013ஆம் ஆண்டுப் பிரதி ஒரு பழைய பென் டிரைவில் தப்பிக் கிடந்தது. வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), அலாக், மறுபடி ஃபிளாக் என்று சுற்றி வந்த பிரதியின் கைரேகையை 2021இல் அதனோடு வைத்துப் பார்த்தேன். 32 இலக்கங்களும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. துலா மழையின் இடி மின்னலில் ஒரு டிஸ்க் பழுதானபோது, எந்தக் கோப்பு கெட்டது, எது கெடவில்லை என்று ஒரே இரவில் சொல்லிவிட்டதும் இந்தக் கைரேகைதான்.

அதே மூன்றாம் கேசட்தான் என் வயிற்றெரிச்சலுக்கும் சாட்சி. பென் டிரைவிலிருந்த பிரதியில் ராகம், ஆண்டு, நாதஸ்வரக்காரர்கள் இருவர், தவில்காரர்கள் இருவர் என எல்லாப் பெயர்களும் தமிழில் இருந்தன. சுற்றி வந்த பிரதியில் 'டிராக் 01' என்ற பெயரும் பத்துப் பன்னிரண்டு கேள்விக்குறிகளும் மட்டுமே எஞ்சியிருந்தன.

நான் பயன்படுத்திய மாற்று மென்பொருள் நேரடியாக அலாக்குக்குப் போகாமல் முதலில் எல்லாவற்றையும் வேவ் கோப்பாக விரித்துக்கொண்டது. வேவ் 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வகுத்தது. அதில் பெயர் விவரங்களுக்கென்று இருக்கும் பழைய பகுதியில், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடுக்கு இடமில்லை. அந்தக் குறையை ஈடுகட்டச் சில மென்பொருள்கள் வேறொரு பகுதியைச் செருகுகின்றன, அதை மற்றவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபிளாக்கிலோ 'கலைஞர்' என்ற ஒரே புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டில் லாரியைக் காலி செய்து மறுபடி ஏற்றியதில், மூட்டை ஒன்றுகூடக் குறையாமல் பில் மட்டும் தொலைந்துபோன கதையாக இது முடிந்தது.

நீளத்திலும் அந்த இடைநிலை என்னைச் சோதித்தது. இரண்டு கேசட்டுகளைச் சேர்த்து இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றை ஒரே கோப்பாக வைத்திருந்தேன். மாற்றிய பிறகு அது 25 நிமிடம் 43 விநாடியாகத் தெரிந்தது. வேவ் தலைப்பில் அளவைக் குறிக்கும் எண் 4 ஜிபியைத் தாண்டாது. தாண்டினால் பழைய பஸ்ஸின் கிலோமீட்டர் மீட்டர் போலச் சுழியத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. உள்ளே ஒலி முழுமையாக இருந்ததாலும், தலைப்பிலுள்ள அளவைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் வசதி ஃபிளாக் கருவியில் இருப்பதாலும் அதை மீட்டுவிட்டேன். பெயர்களை மீட்க அப்படியொரு வசதி கிடையாது.

ஆகவே அப்பாவிடம் போனேன். முதல்முறை இந்தப் பெயர்களைச் சொன்னவர் அவர்தான். கேசட் அட்டையில் எதையும் எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். ராகத்தைச் சட்டென்று சொன்னார். தவில் யார் என்றதும், "நம்ம ஆளுதாண்டா" என்று ஒரு பெயரைச் சொன்னார். அடுத்த கேசட்டுக்கும் அதே பெயர், அதற்கடுத்ததற்கும் அதே பெயர். பதினோரு கேசட்டுகளுக்கு அவர் அந்த ஒருவரையே சொன்ன பிறகு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மாற்று மென்பொருளைக் கொண்டு நடுவில் வேவ் கோப்பு இல்லாமல் நேரடியாகவே மாற்றுகிறேன். பெரும்பாலான விவரங்கள் தங்குகின்றன. ஆனாலும் அலாக் ஒலியைப் பொதிந்து வைக்கும் எம்4ஏ கோப்பு உறைக்குள் நுழையும்போது ஒன்றிரண்டு புலங்கள் உதிர்வதைக் கண்டிருக்கிறேன். அதனால் மாற்றுவதற்கு முன் எல்லா விவரங்களையும் தனி உரைக்கோப்பாக எடுத்து வைக்கிறேன், அதற்குப் பிறகும் நம்பிக்கை வராமல் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் பேனாவால் எழுதுகிறேன்.

ஒலியைக் காக்கும் வடிவம் என்ற வகையில் ஃபிளாக்குக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆயினும் கொல்லங்கோட்டு நண்பருக்கு, மாற்றவே வேண்டாம், புதுப் போனில் விஎல்சி என்ற செயலியைப் போட்டு அலாக்கை அப்படியே கேளுங்கள் என்றுதான் இன்று எழுதப்போகிறேன். அவரிடம் இருப்பவை கடையில் வாங்கிய சிடிகள், பெயர்கள் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன, அவருக்கு ஒரு நட்டமும் வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நேற்றிரவு பதினேழாம் கேசட்டைக் கேட்டேன். தனி ஆவர்த்தனத்தின் நடுவே கூட்டத்தில் யாரோ அந்தத் தவில்காரரைப் பெயர் சொல்லி அழைத்து "சபாஷ்" என்கிறார்; பெயர் விழும் இடத்தில் சரியாக ஒரு வெடி வெடிக்கிறது. ஏழெட்டு முறை பின்னால் தள்ளிக் கேட்டுவிட்டேன். வெடிச் சத்தம் மிகத் துல்லியமாக இருக்கிறது.