நேம், டோனெக்ஸ் ஒன், எச்எக்ஸ் ஸ்டாம்ப்: வீட்டுக்கும் மேடைக்கும் ஏற்ற கிட்டார் ஆம்ப் எது?

கிட்டார் ஆம்ப்பின் ஒலியைக் கணினியிலோ சிறிய பெடலிலோ உருவாக்கித் தரும் கருவிகளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் "அசல் வால்வ் ஆம்ப் போலவே ஒலிப்பது எது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற பாட் 1998இல் வெளிவந்த காலத்தில் அது முறையான கேள்வி. இன்றோ, காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளின் ஒலியைக்கூடப் பதிவில் கேட்டு அசலிலிருந்து பிரித்தறிவது கடினம். இப்போது ஒரு கருவியின் தரத்தைத் தீர்மானிப்பவை வேறு: கிட்டாரின் சிக்னல் அதற்குள் எப்படி நுழைகிறது, ஒலி எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியேறுகிறது, ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு எவ்வளவு தடையில்லாமல் மாற முடிகிறது. பலரும் வாங்க யோசிக்கும் மூன்று வழிகளை இந்தக் கண்ணோட்டத்தில் எடைபோட்டிருக்கிறேன்.

முதலாவது, நேம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நியூரல் ஆம்ப் மாடலர். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள் முற்றிலும் இலவசம். விண்டோஸிலும் மேக்கிலும் பிளக்-இன்னாக (பாட்டுப் பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருளாக) இயங்கும். ஓர் ஆம்ப்புக்குள் அனுப்பிய ஒலியையும் அதிலிருந்து வெளிவந்த ஒலியையும் ஒப்பிட்டு நரம்பியல் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்து, அந்த ஆம்ப்பின் நடத்தையை ஒரு சிறு கோப்பாக அது சேமிக்கிறது. டோன்3000 தளத்தில் இசைக்கலைஞர்கள் இத்தகைய கோப்புகளை ஏராளமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். வீட்டில் பயிற்சி செய்யவும் பாட்டுப் பதிவு செய்யவும் மட்டுமே கருவி தேடுபவர், பணம் கொடுத்து எதையும் வாங்கும் முன் இதை நிறுவிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் நேம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. கிட்டாரைக் கணினியின் மைக் துளையில் செருகி இந்த மென்பொருளைக் குறை சொல்பவர்கள் உண்மையில் அந்தத் துளையைத்தான் குறை சொல்கிறார்கள். சாதாரண கிட்டார் பிக்கப் எதிர்பார்ப்பது சுமார் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு (சிக்னலுக்கு அந்தத் துளை காட்டும் எதிர்ப்பு). அதைவிட மிகக் குறைந்த மின்மறுப்புள்ள துளையில் செருகினால், எந்த மென்பொருளும் தொடங்குவதற்கு முன்பே உச்ச ஒலிகள் மங்கிவிடுகின்றன. ஆகவே 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறிக்கப்பட்ட உள்ளீடு கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) கட்டாயம் தேவை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஒற்றைக் கிட்டார் உள்ளீடு உள்ளதே போதும். விண்டோஸில் அந்த இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை) பயன்படுத்தி, ஒலியைச் சற்று சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்கு வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அந்தப் பஃபரால் மட்டும் ஏற்படும் தாமதம் சுமார் 2.7 மில்லிவினாடி. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்து, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் கூடினாலும், நல்ல டிரைவரில் அது பத்து மில்லிவினாடிக்குள் அடங்கும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிப்பதால், ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் அனுபவிக்கும் தாமதமும் ஏறத்தாழ அதே அளவுதான். விரல்கள் இதற்கு எளிதில் பழகிக்கொள்கின்றன. மடிக்கணினியின் சார்ஜர் செருகியிருக்கும்போது கிட்டாரில் ஓயாத இரைச்சல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை ஆம்ப் மென்பொருளில் இல்லை.

எந்த ஆம்ப் மாடலையும் சோதிக்க நான் நம்பும் முறை ஒன்று உண்டு. ஒலி லேசாகக் கரகரக்கத் தொடங்கும் அளவுக்கு கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வைத்து, ஒரு ஓபன் கார்டை அடித்து ஒலிக்கவிட்டு, கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழை மெல்ல 10இலிருந்து 5 வரை குறைக்க வேண்டும். நல்ல மாடலில் கரகரப்பு படிப்படியாக விலகி, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். அதன் பின் பிக்கால் ஓங்கி அடித்தால் கரகரப்பு உடனே திரும்பும். மோசமான மாடலில் ஒலி சிறியதாகிறதே தவிர அதன் தன்மை மாறுவதில்லை. நேம் இந்தச் சோதனையில் மிகச் சிறப்பாகத் தேறுகிறது. ஆனால் ஒரு கோப்பு என்பது ஆம்ப்பின் குமிழ்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கெய்னைப் பெருமளவு மாற்ற விரும்பினால் குமிழைத் திருகுவதைவிட வேறு கோப்பைத் தேர்வதே சரி.

ஐகே மல்டிமீடியா 2024இல் வெளியிட்ட டோனெக்ஸ் ஒன் இதே தத்துவத்தை உள்ளங்கையில் அடங்கும் பெடலில் தருகிறது. இருபது பிரீசெட்கள் (சேமித்து வைத்த ஒலி அமைப்புகள்), இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசர், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, எதிரொலி தரும் ரிவெர்ப் எல்லாம் இதற்குள் உண்டு. யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்தால் ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் இயங்குகிறது. ஏற்கெனவே டிலே, கோரஸ் பெடல்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு, அந்தப் பெடல் வரிசையின் கடைசியில் வைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை இந்த விலை வரம்பில் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இதில் கால் சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான். ஒரு கச்சேரியில் இரண்டு ஆம்ப் ஒலிகள் போதும் என்பவர் நிம்மதியாக வாங்கலாம்; நான்கைந்து தேவைப்படுபவர் கையால் குனிந்து மாற்றும்படி ஆகிவிடும்.

மேடையை மனத்தில் வைத்தால் ஸ்பீக்கர் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. செலஸ்டியன் விண்டேஜ் 30 போன்ற 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிகிறது. பொதுக்கூட்டத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் வைக்கும் ஸ்பீக்கர்களோ அதற்கும் வெகு மேலே வரை ஒலிக்கும். அதனால் மிக்ஸருக்கு நேராகப் போகும் ஒலியில் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) மாடலோ, அந்தப் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஐஆர் கோப்போ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும். அதே ஒலியை மேடையில் கிடைக்கும் ஒரு கிட்டார் ஆம்ப்புக்குள் செலுத்தும்போது அந்த ஐஆரை அணைக்க வேண்டும், ஏனெனில் அங்கே உண்மையான கிட்டார் ஸ்பீக்கரே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கம்பளி போர்த்தியது போல் ஒலி மூடிக்கொள்ளும்.

ஒலியளவு இன்னொரு விஷயம். நம் காது குறைந்த ஒலியளவில் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். இரவில் அடுக்குமாடி வீட்டில் ஹெட்போனில் அமைத்த பிரீசெட்டில் நாம் அறியாமலே பாஸை ஏற்றி, நடு அதிர்வெண்களைக் குறைத்துவிடுகிறோம். மேடையில் அதே பிரீசெட் பாஸ் கிட்டாரோடு மோதி, பாடகரின் குரலுக்கு அடியில் காணாமல் போகிறது. மேடைக்கான பிரீசெட்டை இயன்றவரை ஒத்திகைக் கூடத்தில், மற்ற வாத்தியங்கள் ஒலிக்கும்போதே அமைக்க வேண்டும். அது முடியாதவர்கள் குறைந்தது 80இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, நடு அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தி வைத்தாலே பெரும் மாற்றம் தெரியும்.

மூன்றாவது கருவியான எச்எக்ஸ் ஸ்டாம்ப், ஆம்ப் மாடல்களையும் எஃபெக்ட்களையும் ஒரே பெடலில் தருவது; லைன் 6 நிறுவனம் 2018இல் வெளியிட்டது. இன்று அதைவிடப் புதிய கருவிகள் பல உண்டு. இருந்தும், மேடைக்கு முதன்முறையாக ஒரு கருவி வாங்கும் மெல்லிசைக் கலைஞருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. மெல்லிசைக் குழுவின் கிட்டார் கலைஞர் ஒரே மாலையில் அறுபதுகளின் மென்மையான ஒலியிலிருந்து எண்பதுகளின் கோரஸ் கலந்த தெளிந்த ஆர்பெஜியோவுக்கும், அங்கிருந்து இன்றைய குத்துப்பாட்டின் கனத்த டிஸ்டார்ஷனுக்கும் சில நொடிகளில் மாற வேண்டியிருக்கிறது. ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்பை அடிப்படையாகக் கொண்ட 'ஜாஸ் ரிவெட் 120' மாடல் அந்த எண்பதுகளின் ஒலிக்கு மிக நெருக்கமாக அமைகிறது. ஸ்டாம்ப்பில் ஒரு பிரீசெட்டிலிருந்து வேறொன்றுக்கு மாறும்போது ஒலி கண நேரம் அறுந்துபோகும். ஒரே பிரீசெட்டுக்குள் ஸ்னாப்ஷாட்களாக (அதே பிரீசெட்டின் வெவ்வேறு நிலைகளாக) அமைத்துக்கொண்டால் அந்த இடைவெளி வராது. எனவே ஒரு பாட்டுக்கு ஒரு பிரீசெட் என்று வைத்து, பல்லவி, இடையிசை, தனி வாசிப்பு ஆகியவற்றை ஸ்னாப்ஷாட்களாகப் பிரிப்பதே மேடைக்கு உகந்த முறை. ஆம்ப், எஃபெக்ட் போன்றவற்றை வைக்க எட்டு பிளாக்குகள் (இடங்கள்) மட்டுமே என்பதும், மூன்றே கால் சுவிட்ச் என்பதும் இதன் எல்லைகள். இரண்டாவது எல்லை உறுத்தினால் எட்டு சுவிட்ச் உள்ள எச்எக்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்எல்லைப் பார்க்கலாம். வீட்டில் பதிவு செய்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: இதே ஆம்ப் மாடல்கள் ஹீலிக்ஸ் நேட்டிவ் என்ற பிளக்-இன்னிலும் கிடைப்பதால், கணினியில் அமைத்த பிரீசெட்டைக் கருவிக்கு எடுத்துச் செல்லலாம்.

நியூரல் டிஎஸ்பி நிறுவனத்தின் குவாட் கார்டெக்ஸ் பெரிய தொடுதிரையும் பதினொரு சுவிட்சும் கொண்ட அருமையான கருவி. ஆனால் அதன் விலையில் ஸ்டாம்ப்புடன் ஒரு நல்ல பவர்டு ஸ்பீக்கரும் (உள்ளேயே பெருக்கி உள்ளது) வாங்கிவிடலாம், தொடங்குபவருக்கு அதுவே மேல். அதே நிறுவனத்தின் கணினி பிளக்-இன்களுக்கு 14 நாள் இலவசச் சோதனை உண்டு என்பதால், வாங்காமலேயே வாசித்துப் பார்க்கலாம்.

மேடையில் இணைக்கும்போது ஸ்டாம்ப்பில் எக்ஸ்எல்ஆர் வெளியீடு (மைக் கேபிளுக்கான மூன்று முனைத் துளை) இல்லை என்பதை நினைவில் கொண்டு, கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்ற சமநிலைச் சிக்னலாக மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாக எடுத்துச் செல்வது நல்லது. நீண்ட தூரம் கேபிள் ஓடும்போது அத்தகைய சிக்னல்தான் இரைச்சலின்றிப் போய்ச் சேரும். சவுண்டு சர்வீஸ்காரர் மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (மைக்குகளுக்கு கேபிள் வழியே அனுப்பும் மின்சாரத்தை) போட்டு வைத்திருந்தாலும், டிஐ பாக்ஸ் நடுவில் இருப்பதால் அது நம் கருவியை எட்டாது. ஹம் கேட்டால் டிஐ பாக்ஸிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மின்செருகியின் எர்த் முனையைத் துண்டிக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. ஸ்டாம்ப்புக்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை தரக்கூடிய அடாப்டர் வேண்டும். சாதாரண பெடல் பவர் சப்ளைகளின் ஒரு துளை இதைத் தாங்காது. வெளியூர்க் கச்சேரியில் அந்த அடாப்டர் பழுதானால் பக்கத்துக் கடையில் மாற்று கிடைப்பது அரிது. கருவி வாங்கும்போதே இரண்டாவது அடாப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி, கிட்டார் பையிலேயே வைத்துவிடுங்கள்.