காப்பிக்கு நிழல்: சில்வர் ஓக்கா, நாட்டு மரங்களா?

குமரி மாவட்டம் கீரிப்பாறைக்கு மேலே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரொபஸ்டா காப்பி இருக்கிறது. மேல்பாதியில் அப்பா வரிசையாக சில்வர் ஓக் வைத்திருந்தார். கீழ்ப்பாதி என் கைக்கு வந்ததும் 2014-ல் முருக்கு (கல்யாண முருங்கை), அயனி, பலா, இடையிடையே கிராம்பு என்று கலந்து நட்டேன். இரண்டையும் பார்த்த பிறகு என் ஓட்டு கலப்பு நிழலுக்குத்தான்.

சில்வர் ஓக்கின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நேராக, சீக்கிரம் வளரும். நல்லமிளகுக் கொடி ஏற்றலாம். 

ஆனால் காப்பிக்காரனுக்குச் சருகுதான் முக்கியம். பூமழை, அதாவது காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை, பெய்து பூத்த பிறகு, இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அதுவரை செடியைத் தாங்க வேண்டியது மண்ணில் கிடக்கும் ஈரம். பங்குனி வெயிலில் மேல்பாதியில் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். சில்வர் ஓக் இலை மொரமொரவென்று முழுசாகக் கிடக்கும், அடியில் மண் பொடியாக உதிரும். கீழ்ப்பாதியில் அதே நாளில் முருக்கு இலை கறுத்து மட்கி, வெள்ளை இழை ஓடி, மண்ணோடு ஒட்டியிருக்கும். விரலில் குளிர்ச்சி தெரியும். முருக்கு பயறு இனம் என்பதால் வேரில் தழைச்சத்தும் சேர்க்கிறது.

இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் முருக்கின் கிளைகளைக் கோதி, அதாவது கழித்து, தழையைக் காப்பி மூட்டில் போட்டுவிடுவோம். மழைக்காலத்தில் வெளிச்சம் இறங்கும், செடிக்குள் காற்றும் ஓடும். ரொபஸ்டாவுக்கு அரபிகா அளவுக்கு அடர்ந்த நிழல் வேண்டாம், அதனால் கோதுவதைத் தள்ளிப்போடவே முடியாது. எனக்கு வருடத்துக்கு இரண்டு ஆள், நாலு நாள் ஆகிறது. வெளியூரில் இருந்துகொண்டு தோட்டம் பார்ப்பவருக்கு இது சிரமம்தான். அவருக்கு சில்வர் ஓக்கே வசதி.

கிராம்பு காய்க்க ஏழெட்டு வருடம் பொறுக்க வேண்டும். காய்த்துவிட்டால் காப்பி விலை சரியும் வருடத்தில் கை கொடுக்கிறது. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

காற்றைத் தாங்குவது எது என்று கேட்டால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயலில் மேல்பாதியில் எட்டு சில்வர் ஓக் முறிந்து காப்பி மேல் விழுந்தன. கீழே ஒன்றும் விழவில்லை. ஆனால் அவை அப்போது சின்ன மரங்கள்.

சில்வர் ஓக் இருப்பவர்கள் அதை மொத்தமாக வெட்ட வேண்டாம். முருக்குக் கம்பை ஊன்றினாலே துளிர்த்துவிடும். ஒக்கியில் விழுந்த எட்டு மரத்தின் இடத்திலும் இந்த இடவப்பாதிக்குக் கம்பு ஊன்றினேன். ஆறு துளிர்விட்டிருக்கிறது.